பன்னிரண்டு முதல் நான்கு வரை

முத்துக்கனி இறந்த செய்தி என்னிடம் முதலில் ஒரு புகாராகத்தான் வந்தது. காலை ஏழே முக்கால் இருக்கும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடி மாமி போன் செய்தார். அவர் வீட்டில் பல வருஷமாகச் சமைப்பவள் முத்துக்கனி. "பத்மா, உன் சிநேகிதி இன்னிக்கு வரலை. போனையும் எடுக்க மாட்டேங்கறா. சொல்லாம கொள்ளாம லீவு போட்டா நான் என்ன பண்றது சொல்லு? பதினோரு மணிக்கு ஆத்துக்கு மனுஷா வரா" என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எழுந்து கையைக் கழுவவே அலுப்பாக இருந்தது.

பத்து நிமிடத்தில் ஆண்டாப் ஹில்லிலிருந்து செல்வி கூப்பிட்டாள். அவளும் மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்பவள்தான். "மேடம், முத்துக்கனி அக்கா செத்துப்போச்சு. விடியக்காலம் அக்கா வீட்டுக்காரரு வேலை முடிஞ்சு வந்து எழுப்பியிருக்காவ. எந்திரிக்கல" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டாள். நான் மாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஐயோ பாவமே" என்றார். அப்புறம், "மத்தியானத்துக்கு வேற யாராவது கெடைப்பாளோ?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விருந்தாளிகள் பதினோரு மணிக்கு வரத்தான் செய்தார்கள்.

நம் மும்பை வட்டாரத் தமிழ்ச் சங்கத்து மாத இதழில் அஞ்சலி எழுதுவது இப்போதெல்லாம் என் வேலையாகிவிட்டது. பண்பாளர், எளிமையானவர், பழக இனியவர் என்று எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. முத்துக்கனி சங்கத்தில் உறுப்பினர் இல்லை. "யாரு அவங்க?" என்று ஆசிரியர் கேட்டார். எழுதினால் தெரியும் என்றேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் காலை நடைக்காரர்கள். அவளை நீங்கள் லிஃப்ட்டில் பார்த்திருப்பீர்கள். இன்னும் ஐந்து பேர் இதைச் செல்வி வாசிக்கக் கேட்பார்கள். அவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இதை முடிப்பதற்குள் எழுந்து போய்விடலாமா என்று எனக்குப் பலமுறை தோன்றும், போக மாட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன் நான் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் இவர் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்று டிவி முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே ஹாலில், ஒரே நியூஸ் சத்தத்தில் இருப்பது எனக்கு ஒரு வாரத்தில் போதும் போதும் என்றாகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கும் மாநகராட்சிப் பூங்காவுக்குப் போனேன். மத்தியானத்தில் அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே ஒரே கூச்சல். விளக்குக் கம்பத்துக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் நடுவில் கயிறு கட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏழு பெண்கள் ரிங் பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆடுவோமே, அந்த ரப்பர் வளையம். அது பறந்து வந்து என் குடையில் விழுந்தது.

"மேடம், அத இங்கன எறிங்க" என்றாள் அவர்களில் மூத்தவள். எனக்கு என்ன தோன்றியதோ, குடையைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூட நாளில் எறிவதுபோல் இடுப்புக்குப் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய்க் கயிற்றுக்கு மேல் தட்டையாக எறிந்தேன். அது அவள் கைக்குச் சிக்காமல் தரையில் விழுந்தது. அவள் வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏட்டி செல்வி, மேடத்துக்கு ஆட்டம் தெரியும்டி! நகரு, நகரு" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நான் உள்ளே போனேன். அறுபது வயதில் யாரும் என்னை அப்படி ஒரு இடத்துக்குக் கூப்பிட்டதில்லை. அன்று ஆடிய ஆட்டத்துக்கு மூன்று நாள் தோள் வலித்தது.

முத்துக்கனிக்குத் திருநெல்வேலிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஆடியவள். கல்யாணமாகித் தாராவிக்கு வந்து முப்பது வருஷம். மாட்டுங்காவில் நாலு வீட்டில் சமையல். காலை ஆறரைக்கு முதல் வீட்டில் நுழைந்தால் பன்னிரண்டு மணிக்குள் நாலு வீட்டு மத்தியானச் சாப்பாடும் முடிந்துவிடும். மறுபடி நாலு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு. நடுவில் நாலு மணி நேரம். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமே என்று நான் ஒரு நாள் கேட்டேன். அவள் வீட்டுக்காரருக்குத் தாதர் பூ மார்க்கெட்டில் இரவெல்லாம் மூட்டை இறக்கும் வேலை. மகனுக்குக் கோபர்கைரனேயில் நைட் ஷிஃப்ட். "வீடு ஒரு ரூமு மேடம். பகல்ல ரெண்டு ஆம்பளைங்க நீட்டிப் படுத்துட்டா நான் நிக்கதுக்கும் இடம் கெடையாது. பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் இந்த ஊர்ல நான் எங்கன இருக்கணும், சொல்லுங்க?" என்றாள். செல்விக்கும் ராணிக்கும் மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதை. அந்தப் பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது, கேட்பாரில்லை, குழாயில் தண்ணீர் வரும். டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் பெஞ்சில் கண்ணை மூடிவிட்டு, அப்புறம் கயிற்றைக் கட்டுவார்கள்.

அவர்கள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. வளையத்தை ஒரு கையால் பிடிக்க வேண்டும். மறு கையிலோ உடம்பிலோ பட்டால் தப்பு. பட்டவள் தானே சொல்ல வேண்டும். எதிராளி சொல்லக் கூடாது. இதை முத்துக்கனி சட்டமாகவே வைத்திருந்தாள். "எதிராளி சொல்லி ஒத்துக்கிட்டா அது ஆட்டமில்ல மேடம், சண்டை" என்பாள்.

அந்தச் சட்டத்தால் ஒருமுறை எனக்கு மகா கோபம் வந்தது. செம்பூரிலும் நம் ஊர்ப் பெண்கள் சிலர் ஒரு பூங்காவில் ஆடுகிறார்கள் என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். ஜோடி ஆட்டம், முத்துக்கனியும் நானும் ஒரு பக்கம். இருபதுக்கு இருபது. கடைசி வளையம். அவள் தாவிப் பிடித்துத் திருப்பி எறிந்து, அது அந்தப் பக்கம் விழுந்தும்விட்டது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று செல்வி குதித்தாள். "இல்லட்டி. எனக்குப் பட்டுட்டு" என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினாள் முத்துக்கனி. யாரும் பார்க்கவில்லை. எதிரே ஆடியவர்களே, "பரவால்லக்கா, உடுங்க" என்றார்கள். அவள் கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளிடம் பேசவே இல்லை. சயான் ஸ்டாப் வந்ததும், "நான் சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்னு நெனைக்கிய. எனக்குத் தெரியும்லா மேடம்?" என்றாள். ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பூங்கா வாட்ச்மேன் விசில் அடித்துக்கொண்டு வந்தான். "சலோ, சலோ, பாஹர். டைம் ஹோ கயா" என்று எல்லாரையும் வெளியே விட்டுக் கேட்டைப் பூட்டினான். புது போர்டு மாட்டியிருந்தது: பராமரிப்புக்காகவும் மரங்களுக்குத் தண்ணீர் விடுவதற்காகவும் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை பூங்கா மூடப்படும். இந்த இரண்டு வருஷத்தில் அந்த நேரத்தில் தண்ணீர்க் குழாயை யாரும் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. ஏழு பெண்களும் டப்பாப் பையோடு கம்பிக்கு வெளியே நின்றார்கள். "சவத்த விடுங்கட்டி, ஆபீசுல போய்க் கேப்போம்" என்றாள் முத்துக்கனி.

வார்டு ஆபீசுக்கு அவளும் நானும் போனோம். நான் ஆபீசில் வேலை பார்த்தவள், மனு எழுதத் தெரிந்தவள் என்று என்னைக் கூட்டிப்போனாள். குமாஸ்தா ஒரு ஃபைலைப் பிரித்து, குடியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் மூடியிருக்கிறோம் என்று சொல்லி, மனுவின் நகலையும் கையெழுத்துப் பட்டியலின் நகலையும் கையில் கொடுத்தான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். "யாரு யாரு போட்டிருக்காவன்னு வாசிங்க மேடம்" என்றாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பட்டியலைப் பார்த்தேன். முதலில் ஃப்ளாட் நம்பர், அப்புறம் பெயர், அப்புறம் கையெழுத்து. அது எங்கள் கட்டடத்துத் தாள். முன்னூற்று நாலு என்ற நம்பருக்கு எதிரே இருந்தது என் கையெழுத்து.

எப்படி வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. நம் கட்டடங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குடியிருப்போர் சொசைட்டியின் சர்க்குலரைக் கட்டட வாட்ச்மேன் வீடு வீடாகக் கொண்டுவருவான். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறோம், லிஃப்ட் ரிப்பேர் என்று ஏதாவது இருக்கும். பார்த்தாயிற்று என்பதற்கு நம்பருக்கு எதிரே ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். இருபத்தெட்டு வருஷமாக நான் அப்படித்தான் போடுகிறேன். அன்று மூன்று தாள் வந்தது. அடுப்பில் குழம்பு. கண்ணாடி எங்கேயோ. மூன்றாவதில் பூங்கா, சுத்தம், பாதுகாப்பு என்று தலைப்பு மட்டும் கண்ணில் பட்டது. நல்லதுதானே என்று போட்டேன். அந்தத் தாளைக் காலை நடைக்காரர்கள் குழு தங்கள் மனுவுக்குப் பின்னால் சம்மதக் கையெழுத்தாக வைத்துக் கொடுத்துவிட்டது. குழுவின் செயலாளர் என் வீட்டுக்காரர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தி ஆடுகிறார்கள், பெஞ்சில் படுக்கிறார்கள், அமைதி கெடுகிறது என்று மனுவில் எழுதியிருந்தது. மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பூங்காவின் அமைதி எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நானும் அந்தக் கத்தலில் ஒருத்தி என்பதும் அவருக்குத் தெரியாது. நடக்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். நூற்று ஒன்று, இன்னார். நூற்று இரண்டு, இன்னார். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். முன்னூற்று மூன்று வாசித்தேன். அப்புறம் நானூற்று ஒன்று வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம். பட்டியல் முடிந்ததும் அவள் நிமிர்ந்தாள். "இம்புட்டுப் பேரா" என்றாள். பிறகு, "வாங்க மேடம், டீ குடிப்போம். வெயில்ல முகமே வாடிட்டு உங்களுக்கு" என்றாள்.

நாலாம் நாள் மறுபடி போனோம். இந்தத் தடவை அதிகாரியையே பார்த்தோம். அவர் நல்ல மனிதர்தான். முத்துக்கனி தன் பம்பாய் ஹிந்தியில், "சாப், தோபஹர் கோ ஜாட் சோதா ஹை க்யா?" என்று கேட்டாள். மத்தியானத்தில் மரமெல்லாம் தூங்குமா என்று அவள் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: வெளியிலிருந்து எத்தனை மனு வந்தாலும் பிரயோசனமில்லை, கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், நான் இதற்குச் சம்மதித்துப் போடவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஃபைலைத் திறந்து மேலே அனுப்ப முடியும். முத்துக்கனி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "யாரு எழுதிக் குடுக்கப் போறா, முத்துக்கனி" என்று நான்தான் கேட்டேன். என் துணிச்சலை என்ன சொல்ல! "மனசு வந்தா எழுதுவாவ. பொறுத்துப் பாப்போம்" என்றாள் அவள்.

நான் எழுதவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றுமில்லை. இவரோடு சண்டை வரும். குழுவில் இவருக்கு மானம் போகும். கட்டடத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எல்லாவற்றையும் விட, படிக்கட்டில் என் பெயரை ஏன் வாசிக்கவில்லை என்று அவள் கேட்பாளே. அதற்குப் பதிலாக மனு எழுதினேன். ஏழு மனு. கமிஷனருக்கு ஒன்று, நம் வார்டு கார்ப்பரேட்டருக்கு ஒன்று, இன்னும் யார் யாருக்கோ. பிரயோசனமில்லை என்று தெரிந்தே எழுதினேன். வெயிலில் நடந்தேன், க்யூவில் நின்றேன், கால் வீங்கிற்று. அந்த அலைச்சல் எனக்கு வசதியாக இருந்தது. "மேடம் நமக்காக எம்புட்டு அலையுதாவ" என்று ராணி எல்லாரிடமும் சொல்வாள். முத்துக்கனி அதற்கு எதுவும் சொன்னதில்லை. என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வாள்.

பூட்டிய பிறகு அவள் மத்தியானங்களை எங்கே கழித்தாள் என்று காலை நடைக்காரர்களாகிய நீங்கள் யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். மார்க்கெட்டுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில். ஒரு மே மாதத்து மத்தியானம் காய்கறிப் பையோடு வரும்போது பார்த்தேன். தகரக் கூரை. மடியில் டப்பாப் பை. பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கையை ஆட்டிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. வா வீட்டுக்கு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். எதிரே இவர், டிவி. தண்ணீர் கொடுத்தேன், ஃபேனைக் கூட்டி வைத்தேன். பத்து நிமிடம் ஆவதற்குள் எழுந்துவிட்டாள். படி வரைக்கும் கூட வந்தேன். "கோவிச்சுக்கிடாதிய மேடம். உங்க வீடு உங்க வீடு. பார்க்குன்னா நான் யார்கிட்டயும் கேக்க வேண்டாம்லா" என்றாள். அதன்பின் அவளை நான் கூப்பிடவில்லை.

ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாருக்கெல்லாம் விடுப்புக் கிடைக்கிறதோ அவர்கள் ஆண்டாப் ஹில்லில் செல்வி வீட்டுக் காலனிக்குப் பின்னால் இருக்கும் கட்டாந்தரையில் ஆடினோம். மூன்று பேர் வந்தால் மூன்று பேர். ஜோடி ஆட்டமென்றால் அவள் என்னைத்தான் சேர்த்துக்கொள்வாள். என் முழங்கால் மோசமான பிறகும் அப்படித்தான். "மேடம் நின்ன இடத்துல நில்லுங்க, மத்ததெல்லாம் நான் ஓடிக்கிடுதேன்" என்பாள். ஓடவும் செய்தாள். இரண்டு வருஷம் என் பங்கையும் சேர்த்து ஓடினாள்.

தாராவியில் அவள் வீட்டுச் சந்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களுக்காக எம்புட்டு அலைஞ்சிய நீங்க. அவ சொல்லிக்கிட்டே இருப்பா" என்று தேம்பினார். நான் அழுதேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, செல்வி என் முழங்கையைப் பிடித்துச் சந்தின் கடைசிக்கு, குழாயடிப் பக்கம் கூட்டிப்போனாள். அவள் அழவில்லை.

"மேடம், முன்னூத்தி நாலு உங்க வீடுதான?" என்றாள்.

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியாது. நம்பர் தெரியும்லா. நம்பர வச்சுத்தான நாங்க வீடு வீடாப் போறோம்? அன்னைக்கே பாத்துட்டு. படிக்கட்டுலயே. எங்கிட்ட மட்டும் சொன்னா. நான் உங்கள நாக்கப் புடுங்குத மாதிரி கேக்கணும்னு கெளம்புனேன். அக்கா என் கையப் புடிச்சு உக்கார வச்சுட்டு. 'அவியளாச் சொல்லணும்டி. நாம சொல்லி ஒத்துக்கிட்டா என்ன இருக்கு? சொல்லுவாவ, பாரு'ன்னா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேப்பேன், மேடம் சொல்லிட்டாவளாக்கான்னு. இன்னும் இல்லட்டின்னு சிரிப்பா."

குழாயடியில் யாரோ குடம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. செல்வி குனிந்து குழாயை மூடிவிட்டு அந்தப் பக்கமாகவே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன். அந்தக் கையெழுத்து சர்க்குலரைப் பார்த்ததற்காகப் போட்டது, பூங்காவைப் பூட்டுவதற்கு நான் சம்மதிக்கவில்லை, மத்தியானம் அங்கே கத்தி ஆடியவர்களில் நானும் ஒருத்தி என்று எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. இவர் பின்னால் நின்று படித்தார். "நீ ஆடினியா? அங்கயா?" என்றார். ஆமாம் என்றேன். "உன் கையெழுத்தை நீயே இல்லைங்கறியா? என்னை என்னன்னு நெனைப்பா எல்லாரும்?" என்றார். நினைக்கிறபடி நினைக்கட்டும் என்றேன். இரண்டு நாள் இரண்டு பேரும் பேசவில்லை. பயந்த சண்டை அவ்வளவுதான். மூன்றாம் நாள் காப்பி கேட்டார், கொடுத்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி படித்துவிட்டு, "வோ தூஸ்ரி பாய் நஹி ஆயி?" என்றார். அந்த இன்னொரு அம்மா வரவில்லையா என்று கேட்கிறார். வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கடிதத்தில் முத்திரை குத்தி, ஃபைலில் வைத்துக் கட்டினார்.

எட்டு நாள். ஒன்பதாம் நாள் பன்னிரண்டு மணிக்கு வாட்ச்மேன் விசில் அடிக்கவில்லை. போர்டைக் கழற்றி மரத்தடியில் சாய்த்து வைத்திருந்தான். நான் போனபோது செல்வியும் ராணியும் மற்ற நாலு பேரும் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று, பட்டியலை அன்று எப்படி வாசித்தேன் என்பதை ஒன்று விடாமல் சொன்னேன். செல்விக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்குத் தெரியாது. ராணி மட்டும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். என்னைப் புகழ்ந்ததெல்லாம் அவள்தானே. இதுவரை அவள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன்.

பூட்டிய கேட்டால்தான் முத்துக்கனி செத்தாள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்தது, அவள் அம்மாவும் இதயத்தில்தான் போனாளாம். அப்படிச் சொல்லி அழுதுவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாகிவிடும். அந்த லேசும் வேண்டாம். இது போன்ற கட்டுரையின் முடிவில் போனவரிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதுவது வழக்கம். நேர்மை, உழைப்பு என்று நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். அவளுடைய நேர்மையை நான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் செல்வி சிரிப்பாள். நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: அவள் என் பக்கத்தில் ஆடிக்கொண்டே இரண்டு வருஷம் காத்திருந்தாள். அவள் காத்திருந்தது ஒரு பக்கம்கூட நிரம்பாத ஒரு கடிதத்துக்கும், எட்டு நாளுக்கும்.